விபிஎன்: போன், லேப்டாப், டிவி, ரவுட்டர் ஒவ்வொன்றிலும் அமைப்பது எப்படி?

விபிஎன் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது "எதற்கு?" என்றுதான். ஆபீஸ் ஃபைல்களை வீட்டிலிருந்து எடுக்கவா? வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்த் தளங்களைத் திறக்கவா? ஹோட்டல் வைஃபையில் கொஞ்சம் நிம்மதியாக வேலை பார்க்கவா? அல்லது யூடியூப் வீடியோவுக்கு நடுவே யாரோ ஒருவர் "இது இல்லாவிட்டால் உங்கள் பேங்க் பணம் போய்விடும்" என்று பயமுறுத்தினாரா? ஒவ்வொன்றுக்கும் அமைப்பு வேறு. கடைசிக் காரணம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் அமைக்கத் தேவையில்லை.

விபிஎன் செய்வதும் செய்யாததும்

ஒரு கடிதத்தை நேராகத் தபாலில் போட்டால், உறைமேல் இருக்கும் முகவரி தபால்காரர் கண்ணில் படும். அதே கடிதத்தை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து, சிங்கப்பூரில் இருக்கும் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அவர் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை அங்கிருந்து தபாலில் சேர்க்கிறார். இங்கே தபால்காரருக்குத் தெரிவது சிங்கப்பூர் முகவரி மட்டும். பெறுபவருக்குத் தெரிவதும் சிங்கப்பூர் முத்திரைதான். ஆனால் நடுவில் இருக்கும் அந்தத் தெரிந்தவருக்கு நீங்கள் யார் யாருக்கு எழுதுகிறீர்கள் என்பது அத்தனையும் தெரியும்.

அந்த நடு ஆள்தான் விபிஎன் சர்வர். உங்கள் போனுக்கும் அந்த சர்வருக்கும் நடுவே போகும் எல்லாமே பூட்டப்பட்டுப் போகிறது. இதைத்தான் டனல் என்கிறார்கள். வழியில் இருக்கும் ஜியோவோ ஏர்டெல்லோ ஹோட்டல் வைஃபையோ அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரிக்கு (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதில் சர்வரின் ஐபி முகவரி தெரியும். இதுவரை உங்கள் இன்டர்நெட் நிறுவனத்திடம் இருந்த நம்பிக்கையை எடுத்து விபிஎன் நிறுவனத்திடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவுகளும் எளிது.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: இன்று பேங்க் தளங்கள், ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாமே விபிஎன் இல்லாமலேயே பூட்டித்தான் போகின்றன. முகவரியில் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் எந்தத் தளத்திலும் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை ஹோட்டல் வைஃபைக்காரர் படிக்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் தெரியும். அதைத்தான் விபிஎன் மறைக்கிறது. போலி லிங்க்கைத் தொடுவதையோ, போனில் யாரிடமோ ஓடிபி சொல்வதையோ எந்த விபிஎன்னும் தடுக்காது. கூகுள் கணக்கில் நுழைந்தபடி உலாவினால் நீங்கள் யார் என்பது கூகுளுக்கும் தெரியத்தான் செய்யும்.

யாரை நடுவில் வைப்பது

இலவச ஆப்களைப் பற்றி முதலில் பேசிவிடலாம். ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 சதவீத ஆப்கள் எதையுமே பூட்டவில்லை. 38 சதவீதத்தில் மால்வேர், அதாவது தீங்கு செய்யும் நிரல், இருப்பதற்கான அறிகுறிகள் இருந்தன. 75 சதவீதத்தில் பிறர் எழுதிய, ஆளைப் பின்தொடரும் நிரல்கள் இருந்தன. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன் ஆப், பயனர்கள் வேறு எந்தெந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்துத் தன் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து போனது, அடுத்த ஆண்டு மூடப்பட்டது. ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. உங்கள் வீட்டு ஐபி முகவரியில் யாரோ முகம் தெரியாதவர் உலாவினார் என்று அர்த்தம். சர்வர் வாடகை கட்ட வேண்டிய ஒரு தொழில் இலவசமாக நடந்தால், அந்த வாடகையை வேறு எதிலிருந்தோ எடுக்கிறார்கள்.

விதிவிலக்கு இருக்கிறது. பணம் கட்டும் வாடிக்கையாளர்களை வைத்து இலவசப் பிரிவையும் நடத்தும் புரோட்டான் விபிஎன் அப்படி ஒன்று, டேட்டா அளவும் கிடையாது. கட்டணச் சேவைகளில் முல்வாட் எனக்குப் பிடிக்கும். ஈமெயில்கூடக் கேட்காமல் ஒரு கணக்கு எண் மட்டும் தருகிறது. மாதம் 5 யூரோ, இரண்டு வருடச் சலுகை, மூன்று வருடச் சலுகை என்ற கூச்சல் இல்லை. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை உத்தரவோடு அவர்கள் அலுவலகத்துக்கு வந்து, எடுத்துப்போக வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லாமல் திரும்பியது. "நாங்கள் பதிவு வைப்பதில்லை" என்று எல்லா நிறுவனமும் இணையதளத்தில் எழுதுகிறது. இப்படிச் சோதித்துப் பார்க்கப்பட்டவை குறைவு.

பிரவுசர் எக்ஸ்டென்ஷனாக வரும் 'விபிஎன்' இன்னொரு குழப்பம். அது அந்தப் பிரவுசருக்குள் நடப்பதை மட்டும்தான் திருப்பிவிடும். போனில் உள்ள மற்ற ஆப்கள் பழைய வழியிலேயே போகும். பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

ஆண்ட்ராய்டு

நிறுவனத்தின் ஆப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கி, கணக்கில் நுழைந்து, கனெக்ட் பொத்தானை அமுக்கியதும் ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கை காட்டும். இந்த ஆப் விபிஎன் இணைப்பு அமைக்கப் பார்க்கிறது, இதன் மூலம் உங்கள் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் ஓகே கொடுங்கள் என்று அதில் இருக்கும். எல்லா எச்சரிக்கைகளையும் போல இதையும் படிக்காமல் தட்டிவிடுகிறோம். ஆனால் அதில் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. இணைந்ததும் திரையின் மேல்பக்கம் ஒரு சிறிய சாவிக் குறி வரும்.

ஆபீஸிலிருந்து ஆப் எதுவும் தராமல் சர்வர் முகவரியும் யூசர்நேமும் மட்டும் கொடுத்தால், செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குள் 'விபிஎன்' இருக்கும். சாம்சங்கில் 'கனெக்ஷன்ஸ்', அதற்குள் 'மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ்' என்று போக வேண்டும். மற்ற பிராண்டுகளில் ஆளுக்கொரு இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் விபிஎன் என்று ஆங்கிலத்தில் அடிப்பதே குறுக்குவழி. ஆண்ட்ராய்டு 12இலிருந்து பிபிடிபி, எல்2டிபி என்ற பழைய வகைகளைப் புதிதாகச் சேர்க்க முடியாது, ஐகேஇ வி2 என்ற புதிய வகை மட்டும்தான். "பழைய போனில் வேலை செய்தது, புது போனில் அந்த ஆப்ஷனே இல்லை" என்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் போனில் கோளாறு இல்லை. ஆபீஸ் ஐடி ஆட்களிடம் புதிய வகையைக் கேளுங்கள். பிபிடிபியின் பாதுகாப்பு உடைந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்னும் அதைத் தரும் ஆபீஸ் கொஞ்சம் வெட்கப்படலாம்.

அதே விபிஎன் பட்டியலில் உங்கள் விபிஎன் பெயருக்குப் பக்கத்தில் பற்சக்கரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் 'ஆல்வேஸ் ஆன் விபிஎன்', 'விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு' என இரண்டு சுவிட்சுகள். முதலாவது போன் ஆன் ஆகும்போதே விபிஎன்னை எழுப்பிவிடும். இரண்டாவது, விபிஎன் அறுந்தால் இன்டர்நெட்டையே நிறுத்திவிடும். மறைவு உண்மையிலேயே முக்கியமானவர்களுக்கு இரண்டாவது அவசியம். மற்றவர்கள் அதைப் போட்டுவிட்டு மறந்துபோய், "நெட் வரவில்லை" என்று சிம் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரே சமயத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். விளம்பரம் தடுக்கும் சில ஆப்கள் போனுக்குள்ளேயே ஒரு பொய் விபிஎன் அமைத்துத்தான் வேலை செய்கின்றன, அவற்றுக்கும் சாவிக் குறி வரும். அப்படி ஒன்று இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு தொல்லை பேட்டரி சேமிப்பு. பல பிராண்டுகளின் போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களை ஈவிரக்கமின்றி நிறுத்திவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விபிஎன் போய்ப் போய் வந்தால், அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள்.

பேங்க் ஆப்களில் சில, விபிஎன் ஓடுவதைக் கண்டால் திறக்க மறுக்கும். ஒவ்வொரு முறையும் அணைத்து ஏற்றுவதற்குப் பதில், விபிஎன் ஆப்பின் அமைப்பில் 'ஸ்பிளிட் டனலிங்' என்று தேடுங்கள். அதில் பேங்க் ஆப்பையும் யுபிஐ ஆப்பையும் டிக் செய்து விலக்கிவிட்டால், அவை நேர்வழியில் போகும், மற்றவை டனலில் போகும்.

ஐபோன்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஆப் இறக்கி இணைக்கும்போது விபிஎன் அமைப்பைச் சேர்க்கலாமா என்று கேட்டு, போனின் பாஸ்கோடை அடிக்கச் சொல்லும். கையால் அமைப்பதானால் செட்டிங்ஸ், ஜெனரல், 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்'. பிபிடிபியை ஆப்பிள் 2016இலேயே தூக்கிவிட்டது. ஐகேஇ வி2, எல்2டிபி, ஐபிசெக் மூன்றும் உண்டு.

விபிஎன் ஆன் செய்வதற்கு முன்பே திறந்திருந்த சில இணைப்புகள் ஐபோனில் பழைய வழியிலேயே தொடர்வதை 2020இல் புரோட்டான் வெளியே சொன்னது. விபிஎன் போட்டதும் ஒருமுறை ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தால் பெரும்பாலானவை அறுந்து, டனல் வழியாகப் புதிதாக இணையும்.

ஐகிளவுட் பிளஸில் வரும் 'பிரைவேட் ரிலே'யை விபிஎன் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் சஃபாரியில் உலாவுவதை மட்டும் மறைக்கும், நாட்டை மாற்றிக் காட்டாது.

விண்டோஸ், மேக், லினக்ஸ்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', விபிஎன், 'ஆட் விபிஎன்'. வரும் படிவத்தில் 'விபிஎன் புரொவைடர்' என்ற இடத்தில் ஒரே ஒரு விடைதான் இருக்கும், விண்டோஸ் பில்ட்-இன். பெயர் எதுவும் வைக்கலாம். சர்வர் முகவரி, விபிஎன் வகை, யூசர்நேம், பாஸ்வேர்டு நான்கும் ஆபீஸ் தந்தபடி. வகையை 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டால் ஒவ்வொன்றாக முயன்றுபார்த்து நேரம் எடுக்கும். எது என்று தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். டனல் அமைக்கும் வேறு இரண்டு வகைகளான வயர்கார்டும் ஓப்பன்விபிஎன்னும் விண்டோஸுக்குள் கிடையாது, தனி ஆப் வேண்டும்.

மேக்கில் ஆப் ஸ்டோரிலேயே வயர்கார்டு கிடைக்கிறது. லினக்ஸில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, விபிஎன் பக்கத்தில் கூட்டல் குறியைத் தொட்டு, 'ஃபைலிலிருந்து இறக்குமதி' என்று கொடுத்தால் போதும். வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.6லிருந்தே அதற்குள் இருக்கிறது.

வயர்கார்டு ஃபைலைப் படிப்பது

மேலே சொன்ன எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் வழி ஒன்று உண்டு என்றால் அது வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. ஏறத்தாழ 4,000 வரி நிரல்தான், ஓப்பன்விபிஎன் போன்றவை அதைப் போலப் பல மடங்கு. சின்னதாக இருப்பதால் ஆய்வாளர்கள் உட்கார்ந்து முழுக்கப் படிக்க முடிகிறது. புரோட்டான், முல்வாட் இரண்டிலும் கணக்குப் பக்கத்துக்குப் போனால் ஒரு சிறிய வயர்கார்டு ஃபைலைத் தருவார்கள். லேப்டாப்பில் அந்த ஃபைலை இறக்கலாம். போனில் வயர்கார்டு ஆப்பைத் திறந்து கூட்டல் குறியைத் தொட்டு, திரையில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யலாம். அமைப்பு அரை நிமிடத்தில் முடியும்.

ஃபைலை நோட்பேடில் திறந்தால் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். அவற்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை நீங்களே தீர்க்கலாம். மேல் பகுதி 'இன்டர்ஃபேஸ்', அதாவது உங்கள் கருவி. கீழ்ப் பகுதி 'பியர்', அதாவது எதிர்முனை சர்வர்.

மேல் பகுதியில் 'பிரைவேட் கீ' என்று 44 எழுத்துகளில் ஒரு கோவை இருக்கும். இதுதான் உங்கள் அடையாளம். தனியாக யூசர்நேம், பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. க்யூஆர் கோடுக்குள் இருப்பதும் இதே கீதான். ஆகவே அந்தக் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். அதன் கீழே 'அட்ரஸ்', டனலுக்குள் உங்கள் கருவிக்கான முகவரி. 'டிஎன்எஸ்' என்பது தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர். இந்த வரி விட்டுப்போனால், டனல் வழியாக உலாவினாலும் எந்தத் தளங்களைக் கேட்கிறீர்கள் என்பது பழைய இன்டர்நெட் நிறுவனத்திடமே போய்ச் சேரக்கூடும்.

கீழ்ப் பகுதியில் சர்வரின் 'பப்ளிக் கீ', 'எண்ட்பாயின்ட்', 'அலவுட் ஐபிஸ்'. எண்ட்பாயின்ட் என்பது சர்வரின் முகவரியும் போர்ட் எண்ணும் (சர்வரில் எந்தக் கதவு என்பதைச் சொல்லும் எண்). போர்ட் வழக்கமாக 51820, யுடிபி. யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் இரு முறைகள். சில ஆபீஸ், கல்லூரி வைஃபைகளில் யுடிபியையே மூடிவைத்திருப்பார்கள், அங்கே வயர்கார்டு எழும்பாது. அந்த இடத்துக்கு டிசிபி போர்ட் 443இல் ஓடும் ஓப்பன்விபிஎன் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டிய வரி அலவுட் ஐபிஸ். எந்தெந்த முகவரிகளுக்குப் போவது டனலில் போக வேண்டும் என்பதை இதுதான் முடிவுசெய்கிறது. ஐபி முகவரிகளில் ஐபிவி4 பழைய வகை, ஐபிவி6 புதிய வகை. 0.0.0.0/0 என்று இருந்தால் ஐபிவி4 முழுக்க டனலில். பக்கத்தில் ::/0 என்பதும் இருந்தால் ஐபிவி6ம் சேர்த்து. இரண்டாவது இல்லாவிட்டால் லேப்டாப்பில் ஐபிவி6 போக்குவரத்து டனலுக்கு வெளியே நேராகப் போகலாம். ஜியோ போல ஐபிவி6ஐ அதிகம் பயன்படுத்தும் இணைப்பில் இது சாதாரண விஷயம் இல்லை. மாறாக ஆபீஸ் ஃபைலில் 10.0.0.0/8 என்பது மட்டும் இருக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் போவது மட்டும் டனலில், யூடியூப் உங்கள் வீட்டு இணைப்பில் என்று அதற்குப் பொருள். "விபிஎன் போட்டேன், ஐபி மாறவே இல்லை" என்று ஆபீஸ் விபிஎன்காரர்கள் சொல்வது இதனால்தான். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஃபைல், ஒரு கருவி. இதை மீறினால் வரும் தொல்லை விசித்திரமானது. ஒரே கீயோடு போனும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் இணைந்தால், கடைசியாக எது பேசியதோ அதற்கே சர்வர் பதில் அனுப்பும். இரண்டும் மாறி மாறித் திக்கும். தனித்தனி ஃபைல் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவியும் ரவுட்டரும்

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி, ஃபயர் ஸ்டிக் ஆகியவற்றில் அவற்றின் ஆப் ஸ்டோரிலேயே விபிஎன் ஆப்கள் உண்டு. ரிமோட்டில் நீளமான பாஸ்வேர்டு அடிப்பது தண்டனை, ஆகவே டிவி காட்டும் குறியீட்டைப் போனில் அடித்து உள்நுழையும் வசதி உள்ள ஆப்பாகப் பாருங்கள். ஆப்பிள் டிவியில் 2023இல் வந்த டிவிஓஎஸ் 17லிருந்து விபிஎன் ஆப்கள் வந்தன. மற்ற பிராண்டு டிவிகளில் ஆப் கிடைக்காவிட்டால் ரவுட்டர்தான் வழி.

"போனில் விபிஎன் போட்டு, ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைத்தால் என்ன?" நல்ல யோசனைதான், ஆனால் நடக்காது. ஆண்ட்ராய்டிலும் சரி, ஐபோனிலும் சரி, ஹாட்ஸ்பாட்டில் இணையும் கருவிகள் விபிஎன்னைத் தாண்டி நேராக மொபைல் டேட்டாவில் போகும். போனில் சாவிக் குறி எரிந்துகொண்டிருக்கும், டிவியில் உங்கள் ஊர் ஐபியே இருக்கும்.

ரவுட்டரில் போட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே அடியாக டனலுக்குள் வந்துவிடும். ஆனால் இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. வயர்கார்டு க்ளையன்ட் உள்ள ஒரு ரவுட்டரை, ஆசுஸின் சில மாடல்களோ ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ஒன்றோ, அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்ட வேண்டும். விபிஎன் 'சர்வர்', விபிஎன் 'க்ளையன்ட்' இரண்டும் ரவுட்டர் விளம்பரங்களில் கலந்து வரும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர சர்வர், வீட்டிலிருந்து டனலில் வெளியே போக க்ளையன்ட். வாங்குமுன் எது இருக்கிறது என்று பாருங்கள். மலிவான ரவுட்டரின் சிப்புக்குப் பூட்டித் திறக்கும் வேலை பாரம். 200 எம்பிபிஎஸ் இணைப்பு ஓப்பன்விபிஎன்னில் வெகுவாகக் குறைந்துபோகும். வயர்கார்டு பயன்படுத்தும் சாச்சா20 என்ற பூட்டும் முறை இத்தகைய சிறு சிப்புகளிலும் வேகமாக ஓடும் என்பதால் அதையே தேர்ந்தெடுங்கள். வீடு முழுக்க டனலில் போட்டால், பேங்க் ஆப் மறுப்பதும் சில அரசு இணையதளங்கள் வெளிநாட்டு ஐபிக்குத் திறக்காததும் வீட்டில் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிடும். டிவிக்கு மட்டும் தனி வைஃபை பெயர் வைத்து அதை மட்டும் டனலில் விடுவது என் சிபாரிசு.

ஓடுகிறதா என்று பார்ப்பது

விபிஎன் போடுமுன் கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பின் மறுபடி தேடினால் எண் மாறியிருக்க வேண்டும். பிறகு 'டிஎன்எஸ் லீக் டெஸ்ட்' என்று தேடிக் கிடைக்கும் தளங்களில் ஒன்றை ஓட்டுங்கள். முடிவில் உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் பெயர் வந்தால் கசிவு இருக்கிறது. ஐபிவி6 முகவரியையும் காட்டும் தளமாகப் பாருங்கள்.

இணைந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் கருவியின் தேதி, நேரத்தைப் பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம். பழைய டிவி பாக்ஸ்கள் மின்சாரம் போய் வந்தால் பல வருடம் பின்னால் போய்விடும், அந்தத் தேதியில் வயர்கார்டும் சரி, ஓப்பன்விபிஎன்னும் சரி, கைகுலுக்காது. சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால் பெரும்பாலும் எம்டியு பிரச்சினை. ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு அது. வயர்கார்டில் வழக்கமாக 1420. ஃபைலின் மேல் பகுதியில் எம்டியு 1280 என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

வேகம் குறைவு என்றால் சர்வர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடலடிக் கேபிள் நேராகப் போகிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்க சர்வரைவிட சிங்கப்பூர் சர்வர் எப்போதும் கைக்கெட்டும் தூரம்.

சட்டம்

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றம் இல்லை. ஆனால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், ஈமெயில், ஐபி முகவரி போன்றவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது ஆப்பில் 'இந்தியா' என்று காட்டுவது பெரும்பாலும் சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஓடிக்கொண்டு இந்திய ஐபி தருவது. ஆபீஸ்கள் தங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் விபிஎன்னுக்கு இந்த விதி பொருந்தாது. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தற்காலிகத் தடை வரும்.

இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலருக்கு விபிஎன் அறிமுகமானது. அவசரத்தில் இறக்கியவற்றில் பலவும் முதலில் சொன்ன இலவச ரகம். இத்தகைய நாள் வரும் என்று தெரிந்த ஊரில் இருப்பவர்கள் அமைதியான நாளிலேயே நல்ல ஒன்றைப் போட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முடக்கத்தின்போது ஆப் இறக்கும் தளமும் மூடியிருக்கலாம்.

அமீரகத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். விபிஎன் வைத்திருப்பதே அங்கே குற்றம் என்பது தவறு, நிறுவனங்கள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் குற்றம் ஒன்றைச் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால், 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கலாம். வாட்ஸ்அப் அழைப்பு அங்கே தடுக்கப்பட்டிருப்பதால் ஊருக்குப் பேச விபிஎன் போடுபவர்கள் நிறைய. அனுமதி பெற்ற அழைப்பு ஆப்கள் அங்கே உண்டு. அதை வைத்துப் பேசுவதே என் யோசனை.

ஊர் வீட்டையே சர்வராக்கலாம்

வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய ஐபி வேண்டும் என்பவர்களுக்கு, அதுவும் ஊர் அரசுத் தளம், மின்கட்டணம், பேங்க் போன்ற வேலைகளுக்கு, கடையில் விபிஎன் வாங்குவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மதுரையிலோ தஞ்சாவூரிலோ அம்மா அப்பா வீட்டில் ஏற்கெனவே ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் ஆண்ட்ராய்டு டிவியும் இருக்கும். டெய்ல்ஸ்கேல் என்ற ஆப்பை அந்த டிவியிலும் உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் ஒரே கணக்கில் போடுங்கள். இது வயர்கார்டின் மேல் கட்டப்பட்டது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். டிவியில் 'எக்ஸிட் நோட்' ஆக, அதாவது உங்கள் போக்குவரத்து வெளியேறும் வாசலாக, ஓடும்படி வைத்து, இணையதளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுங்கள். பிறகு ஷார்ஜாவில் உட்கார்ந்து போனில் அந்த எக்ஸிட் நோடைத் தேர்ந்தெடுத்தால், உலகத்துக்கு நீங்கள் உங்கள் வீட்டு ஹாலில் இருப்பதாகத் தெரியும். நடு ஆள் உங்கள் வீடுதான். ஆனால் அமீரகச் சட்டம் இந்த டனலுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தியாவில் வீட்டு இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி பொது ஐபி இருக்காது, ஒரே ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அதனால்தான் ரவுட்டரில் போர்ட் திறந்து வெறும் வயர்கார்டு சர்வர் வைக்கப் பார்த்தவர்கள் தோற்றுப்போகிறார்கள். டெய்ல்ஸ்கேல் இரு பக்கமும் உள்ளிருந்தே இணைப்பைத் தொடங்கவைத்து இதைச் சமாளிக்கிறது. நேர்வழி கிடைக்காவிட்டால் தன் இடைநிலை சர்வர் வழியாக அனுப்பும், வேகம் குறையும், பூட்டு அப்படியே இருக்கும். எந்த வழியானாலும் உங்களுக்குக் கிடைக்கும் வேகம் ஊர் வீட்டின் அப்லோட் வேகத்தைத் தாண்டாது.

ஊருக்கு விடுமுறையில் போகும்போதே இதைச் செய்து முடித்து, இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் ஆப் தானாக எழுகிறதா என்பது. மின்வெட்டு வராத வீடு இல்லை. சில டிவிகள் ஸ்டாண்ட்பையில் வைஃபையையே அணைத்துவிடும், அப்படியானால் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைச் சார்ஜரில் போட்டு அதை நோடாக வைக்கலாம். இரண்டாவது, டெய்ல்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் கீயும் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். கணக்குப் பக்கத்தில் அந்த ஒரு கருவிக்கு மட்டும் 'கீ எக்ஸ்பைரி'யை அணைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஆறாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "அம்மா, ரிமோட்ல அந்த நடு பட்டனை அமுக்குங்க… அது இல்ல, அதுக்கு மேல" என்று வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பீர்கள்.